மாடு மேயாத வருஷத்துப் பூ

— மஞ்சள்னா எந்த மஞ்சள்டா? மூணு மாசம் ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டு, திடீர்னு போன் பண்ணி, "வெர்னாக்கா, இங்க மஞ்சளா ஒரு பூ நிக்குது, அது என்ன பூ"ன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது, ஆரின்? ஜூலை மாசத்துல கான்சாஸ் பூராவும் மஞ்சளாத்தான் கெடக்கு.

— தெரியலேன்னா விடுக்கா. சும்மாதான் கேட்டேன். வச்சிடறேன்.

— வச்சேன்னா பாரு! கேட்டுட்டேல்ல, பதிலை வாங்கிக்கிட்டுத்தான் வைக்கணும். எங்க இருக்க நீ?

— இங்கதான். ஒரு எடத்துல.

— ஒரு எடத்துலன்னா? வீட்டுலயா?

— வீட்டுல ஏதுக்கா பூ? வெளியிலதான்.

— சரி, இரு. கண்ணாடிய எடுத்துக்கறேன். போனை வச்சிடாத.

— என்னக்கா சத்தம் அது?

— கதவு. காத்துல அடிச்சுக்குது.

— இன்னிக்குக் காத்தே இல்லியே.

— உன் பக்கம் இருக்காது. என் பக்கம் அடிக்குது. நீ இப்ப நிக்கறியா, உக்காந்திருக்கியா?

— உக்காந்திருக்கேன். ஒரு கல்லு மேல.

— எழுந்திரு. பூக்கிட்ட போ. தூரத்துலேருந்து பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. எவ்வளவு ஒசரம்?

— என் ஒசரம் இருக்கு. சிலது எனக்கும் மேல.

— பூவுக்கு நடுவுல கறுப்பா இருக்கா? சூரியகாந்திக்கு இருக்குமே, அந்த மாதிரி?

— இல்ல. நடுவுலயும் மஞ்சள்தான். நானும் முதல்ல சூரியகாந்தின்னுதான் நெனச்சேன். கிட்ட வந்து பாத்தா வேற என்னமோ.

— அப்ப ரோட்டோரம் இல்ல நீ.

— என்ன?

— ஒண்ணுமில்ல. சூரியகாந்தின்னா ரோட்டோரத்துல வரும்னு சொன்னேன். இதழ் எப்படி? பாவாடை மாதிரி கீழ தொங்குதா, விரிஞ்சு நிக்குதா?

— விரிஞ்சு நிக்குது.

— நல்லாப் பாரு. கல்லறைத் தோட்டத்து வேலியோரம் ஒண்ணு இருக்கும். நடுவுல விரல் நுனி மாதிரி நீட்டிக்கிட்டு, இதழெல்லாம் சோந்து போய்த் தொங்கும்.

— அது எனக்குத் தெரியும். அது இல்ல இது. கல்லறைத் தோட்டத்துக்கு நேத்தே போயிட்டு வந்துட்டேன்.

— நேத்தா? எதுக்கு?

— சும்மாதான். மெர்ல் மாமாவைப் பாத்துட்டு வரலாம்னு.

— ம். சரி. தண்டைத் தொட்டுப் பாரு. வழவழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?

— சொரசொரப்பு. முடி முடியாக் குத்துது. மூணு நாள் ஷேவ் பண்ணாத மூஞ்சி மாதிரி.

— உன் மூஞ்சி மாதிரின்னு சொல்லு.

— ம்.

— சிரிச்சியா?

— இல்ல.

— சிரிச்ச. எனக்குக் கேட்டுச்சு. தண்டு உருண்டையா, நாலு பட்டையா?

— உருண்டைதான்.

— இலை எப்படித் தண்டோட சேருது? ரெண்டு இலை ஒட்டிக்கிட்டு, கிண்ணம் மாதிரி, மழைத்தண்ணி தேங்கற மாதிரி இருக்கா?

— கிண்ணமெல்லாம் இல்ல. தனித்தனி இலைதான்.

— அப்ப ஓடைக்கரையும் இல்ல.

— அக்கா, நீ பூவைத் தேடறியா, என்னைத் தேடறியா?

— ரெண்டும்தான்னு வச்சுக்கோயேன்.

— என்னமோ கரகரன்னு சத்தம் கேக்குது உன் பக்கம்.

— வாஷிங் மெஷின்.

— அது என்ன, கல்லைப் போட்டா துவைக்கற?

— உன் மாமா சரி பண்ணித் தரேன் தரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்படியே கெடக்கு. சத்தம்னதும் ஞாபகம் வருது, உன் நாய் ஸ்பட்டைக் காணோமே? நீ போன் பேசினா பக்கத்துல நின்னு கொலைக்குமே.

— அடுத்த பண்ணை ஹார்லன் வீட்டுல விட்டுட்டு வந்தேன்.

— எதுக்கு?

— அவன் புள்ளைங்களுக்கு அது மேல ஆசை.

— ஆசையா இருந்தா ஒரு நாள் வெளையாடிட்டுத் திருப்பி விடட்டும். நீ எப்ப போய்க் கூட்டிட்டு வரப் போற? ஆரின், கேட்டேன்ல?

— அங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— ஓ.

— இலையைப் பத்திக் கேட்டியே. சொல்லட்டா?

— சொல்லு. சொல்லிக்கிட்டே இரு. நிறுத்தாத.

— அடியில இருக்கறது ரொம்பப் பெருசு. என் முழங்கை நீளம் வரும், அதுக்கு மேலயும் வரும். இலைன்னே சொல்ல முடியாதுக்கா. ரெண்டு பக்கமும் யாரோ கத்திரிக்கோலால உள்ள வரைக்கும் வெட்டி விட்ட மாதிரி. மீன் முள்ளு மாதிரி. அப்புறம், மத்த செடி இலை மாதிரி வானத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு இல்ல. செங்குத்தா நிக்குது.

— எல்லா இலையுமா?

— எல்லாமே. இங்க இருக்கற அத்தனை செடியிலயும். அதுவும் ஒரே வாக்குல திரும்பி நிக்குது. ராணுவத்துல நிறுத்தி வச்சாப்ல. இப்பத்தான் கவனிக்கறேன்.

— இலையோட விளிம்பு எந்தத் திசையப் பாக்குது?

— இரு. ஒரு விளிம்பு வடக்க. இன்னொண்ணு தெக்க.

— ஆரின், நீ வடக்கு மேட்டுல இருக்க.

— பூவோட பேரைக் கேட்டா...

— வடக்கு மேட்டுலதானே? பொய் சொல்லாத.

— ஒரு இலையை வச்சு எப்படிக்கா?

— அதக் கண்டா மாட்டுக்கு உசுருடா. துளிர் விடறப்பவே கடிச்சுத் தின்னுடும். மாடு மேயற எடத்துல அது ஆள் ஒசரம் வளந்து பூத்து யாரும் பாக்க முடியாது. இந்த வருஷம் நம்ம பக்கத்துல மாடு விடாத மேய்ச்சல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.

— ஆமா. விடல. வண்டியில மாட்டை ஏத்திக்கிட்டு கேட்டு வரைக்கும் வந்தேன். வந்து, அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிட்டேன்.

— தெரியும். ஹார்லன் சொன்னான்.

— பொறந்ததுலேருந்து இந்த மேட்டுல ஏறி எறங்கறேன். ஒரு தடவை இந்தப் பூவைப் பாத்ததில்ல. இன்னிக்கு வந்து பாத்தா, மாமா செத்த எடத்துல கல்யாணத்துக்கு ஜோடிச்ச மாதிரி மஞ்சளா நிக்குது. எனக்குக் கோவமா வந்துச்சுக்கா. என்ன பூ இது, எவன் போட்டான் இங்கன்னு. மாமா இருந்தா அவரைக் கேட்டிருப்பேன். யாரைக் கேக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு, கடைசியில உன் நம்பரைத்தான் அழுத்தினேன். நீ எடுக்க மாட்டேன்னு நெனச்சேன்.

— எடுத்துட்டேன்ல. ஆரின், ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம பதில் சொல்லணும்.

— கேளு.

— சாகறதுக்கா அங்க போயிருக்க?

— என்னக்கா நீ. இப்படிப் போட்டு ஒடைக்கற.

— நாயைக் குடுத்துட்ட. கல்லறைக்குப் போயிட்டு வந்துட்ட. கேக்காம வேற என்ன செய்யச் சொல்ற? ஆமாவா, இல்லையா?

— ஆமான்னுதான் வந்தேன்.

— சரி. சொன்னியே, அதுவே நல்லது. இப்ப நான் சொல்றதைக் கேளு. வண்டி எங்க நிக்குது?

— கீழ. வேலியோரம்.

— அதுல என்ன வச்சிருக்கியோ அது அதுலயே கெடக்கட்டும். வண்டிப் பக்கம் போகாத. பூக்கிட்டயே இரு. சரியா?

— சரி.

— வாய் விட்டுச் சொல்லு.

— போகல. பூக்கிட்டயே இருக்கேன். நீ ஷெரிஃபுக்கு போன் கீன் பண்ணிடாதக்கா.

— நான்தான் உன்கூடப் பேசிக்கிட்டு இருக்கேனே. எனக்கு என்ன ரெண்டு வாயா? நீ பேசு. தூங்கறியா ராத்திரியில?

— தூக்கம் வருது. வந்தா அந்தச் சத்தம் கேக்குது. காஞ்ச புல்லு எரியற சத்தம். எழுந்து உக்காந்தா ஒண்ணுமில்ல, ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டு இருக்கும். அடுப்பைப் பத்த வைக்க முடியலக்கா எனக்கு. தீக்குச்சிய எடுத்தா, உரசாம திரும்பப் பெட்டியிலயே போட்டுடறேன்.

— அப்ப சாப்பாட்டுக்கு?

— டப்பா பீன்ஸ். ரொட்டி.

— சூடு பண்ணாமயா? மூணு மாசமாவா?

— பழகிடுச்சு. அது ஒண்ணும் கஷ்டமில்ல. டவுனுக்குப் போனாத்தான் கஷ்டம். கடையில எல்லாரும் நல்லாப் பேசறாங்க. தோளைத் தட்டறாங்க. "உன் தப்பில்ல ஆரின்"னு சொல்றாங்க. ஒருத்தராவது மூஞ்சிக்கு நேரா திட்டினா தேவல.

— நான் திட்டினேனே.

— ஆமா. நீ ஒருத்திதான் உண்மையா நடந்துக்கிட்ட.

— அது உண்மை இல்லடா.

— என்ன இல்ல? அன்னிக்கு நான்தான கொளுத்தினேன்?

— புதுப் புல்லு வரணும்னு வருஷா வருஷம் ஏப்ரல்ல காஞ்ச புல்லைக் கொளுத்தறதுதான். அன்னிக்கு ஊரே கொளுத்துச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பொகைதான். காத்து திரும்பினா நீ என்ன பண்ணுவ?

— எல்லாரும் கொளுத்தினாங்க. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிப் போனாங்க. என்கூட வந்தவருதான் போகல. தண்ணி வண்டியோட மேட்டு மேல நின்னுக்கிட்டு இருந்தாருக்கா. காத்து சடார்னு திரும்பினதும் பொகை மூடிக்கிச்சு. ஆளே தெரியல. கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்துல...

— தெரியும். நீ உள்ள ஓடினதையும், உன்னை ரெண்டு பேரு சேந்து இழுத்துப் புடிச்சதையும் ஹார்லன் சொன்னான்.

— நீ என்கிட்ட கேக்கவே இல்ல.

— கேக்கல. கேட்டிருக்கணும்.

— "என் வாசப்படிய மிதிக்காத"ன்னு சொன்ன.

— சாவு வீடுடா அது. சர்ச்சுப் பொம்பளைங்க கோழியும் நூடுல்ஸும் கொண்டாந்து தட்டுல வச்சுக்கிட்டு, சாப்புடு சாப்புடுன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான் புத்தி கலங்கிப்போய் நிக்கறேன். கருகின சட்டையோட நீ வந்து நின்ன. மாமா வரல, நீ வந்த. வாய்ல வந்தது அது. சின்ன வயசுலேருந்து நான் சொன்ன பேச்சு ஒண்ணாவது கேட்டிருப்பியா நீ? கொட்டாய்க் கூரை மேல ஏறாதன்னா ஏறுவ. உறைஞ்ச குட்டை மேல நடக்காதன்னா அதுலதான் நடப்ப. வாழ்க்கையில மொத தடவையா, போயும் போயும் இந்த ஒரு பேச்சைக் கேட்டுட்டு, மூணு மாசம் வீட்டுப் பக்கமே வரல.

— நீ கோவத்துல சொன்னேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— எனக்கே தெரியலடா. நீ இன்னிக்கு வருவ, நாளைக்கு வருவன்னு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தேன். வந்தா மறுபடி திட்டலாம்னுதான் நெனச்சேன். வராம இருந்தப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது.

— அக்கா.

— சொல்லு.

— உன் வாஷிங் மெஷின் இப்ப கேட்டைத் தொறக்குது.

— என்ன?

— சங்கிலிச் சத்தம் கேக்குது. நம்ம கேட்டுச் சங்கிலி அது. நீ எங்க இருக்க?

— கேட்டுலதான். இந்தக் கொக்கிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா நீ? கைய அறுக்குது.

— அக்கா! வராத. மேல வராத நீ. இந்த எடத்தை நீ பாக்கக் கூடாது.

— பாதி வழி வந்தாச்சு.

— சாகற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டேன்னு ஹார்லன் பொண்டாட்டிக்கிட்ட சொன்னியாமே?

— நான் சொல்லுவேன் ஆயிரம். எங்க நிக்கற? கைய ஆட்டு. ஆ, தெரியுது. அசையாம அங்கயே நில்லு.

— வண்டிய மேல ஏத்தாத, எல்லாம் கல்லு. அச்சு போயிடும்.

— நடந்துதான் வரேன். மூச்சு வாங்குது, என்னால பேச முடியாது. நீ பேசு. தண்டுல பிசின் இருக்கா பாரு.

— பிசினா?

— பூவுக்குக் கொஞ்சம் கீழ. வெள்ளையா, சொட்டு சொட்டா ஒட்டிக்கிட்டு இருக்கும்.

— ஆமா, இருக்கு.

— ஒரு சொட்டைக் கிள்ளி வாயில போட்டு மெல்லு.

— விஷம் கிஷம் இல்லியே?

— சாகறதுக்குப் போனவன் கேக்கற கேள்வியாடா இது?

— அட, போக்கா நீ!

— இப்ப சிரிச்ச. இப்ப நெசமாவே சிரிச்ச, இல்லேன்னு சொல்லாத.

— பைன் மர வாசனையா இருக்கு. பல்லுல ஒட்டுது.

— மெல்ல மெல்லக் கெட்டியாகும். அந்தக் காலத்துல சின்னப் புள்ளைங்க சூயிங்கம்முக்குப் பதிலா இதைத்தான் மெல்லுவாங்களாம். சரி, போனைக் காதுலேருந்து எடு. எதுக்கால நிக்கறேன்.

— அக்கா.

— வா இங்க. அட, வாடா. எலும்பு எலும்பாத் தட்டுதேடா. டப்பா பீன்ஸ் தின்னா இப்படித்தான் இருக்கும்.

— நீயும்தான் பாதி ஆயிட்ட.

— அழு. நல்லா அழு. இங்க நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்ல. நானும்தான் அழறேன், பாரு.

— மூக்கைத் தொடை. என் சட்டையில தொடைக்காத.

— உன் சட்டை என்ன பெரிய சட்டை. உக்காரு இந்தக் கல்லுல. தள்ளி உக்காரு, எனக்கும் எடம் குடு.

— பேரைச் சொல்லவே இல்லியே நீ.

— திசைகாட்டிச் செடி. அந்தக் காலத்துல இந்தப் புல்வெளியில மரமே கெடையாது, மலையும் கெடையாது. வழி தெரியாமப் போனவங்க இதோட இலையைப் பாத்துத்தான் வடக்கு எதுன்னு கண்டுபிடிப்பாங்களாம். பிசின் செடின்னும் சொல்றது உண்டு.

— நெருப்புக்கு அப்புறம் மொளைச்சதா இது?

— இல்லடா. மொளைச்சு மொதப் பூ வைக்கவே வருஷக்கணக்கா ஆகும். வேரு ரெண்டு ஆள் ஆழத்துக்குப் போகுமாம். நீயும் நானும் பொறக்கறதுக்கு முன்னாடியே இது இங்க இருந்திருக்கும். வருஷா வருஷம் தலையத் தூக்கும். நம்ம மாடு கடிச்சிடும். அதுக்கு முன்னாடி அப்பாவோட மாடு. இந்த வருஷம்தான் யாரும் கடிக்கல.

— மாமா பாத்திருந்தா குதிச்சிருப்பாரு.

— குதிச்சிருப்பாரா? இங்கயே கூடாரம் போட்டிருப்பாரு. ரோட்டு நடுவுல பிக்கப்பை நிறுத்திட்டு, எறங்கிப் போய் மண்டி போட்டுக்கிட்டு ஒரு புல்லைப் பாப்பாரே, ஞாபகம் இருக்கா?

— பின்னாடி ஹார்லன் லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்கும். இவரு கையக் காட்டி, நீயும் எறங்கி வந்து பாருன்னு கூப்பிடுவாரு.

— ஒரு தடவை ஹார்லனும் எறங்கிப் போய்ப் பாத்தான். அதுக்கப்புறம் ஹாரன் அடிக்கறதை விட்டுட்டான்.

— எந்த எடத்துலன்னு உனக்குத் தெரியுமாக்கா? மாமா விழுந்த எடம்?

— தெரியும். அந்தச் சரிவுக்குக் கீழ. இன்னும் கொஞ்சம் கறுப்பா இருக்கே, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல. எனக்குக் காட்ட வேணாம். வா, கீழ போவோம். உன் வண்டிச் சாவிய என்கிட்ட குடு. உள்ள இருக்கறதை ஹார்லன் வந்து எடுத்துக்கிட்டுப் போய் அவன் வீட்டுல பூட்டி வைக்கட்டும். போற வழியில ஸ்பட்டைக் கூட்டிக்கிட்டு நேரா என் வீட்டுக்கு. காலையில டாக்டர்கிட்ட. ரெண்டு பேரும்.

— நான் வரேன். வரலேன்னு சொல்லல. உனக்கு எதுக்கு டாக்டர்?

— எனக்கும் வேணும்.

— அக்கா, ஒண்ணு கேக்கவா? மாமா பூவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நீ காதைப் பொத்திக்குவ. புல்லுப் பேரைச் சொல்லியே மனுஷன் கொல்றார்னு என்கிட்டயே எத்தனை தடவை பொலம்பியிருக்க. தண்டு உருண்டையா பட்டையா, இலை கிண்ணமா இல்லியான்னு இவ்வளவும் உனக்கு எப்பத் தெரிஞ்சுது?

— போன ஞாயித்துக்கிழமை. மாமாவோட அலமாரியில பூப் புத்தகம் ஒண்ணு இருக்கு. எடுத்து வச்சுக்கிட்டு, இது இல்ல, இது இல்லன்னு ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே வந்தேன். இதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு.

— இதையா? நீ எங்க பாத்த இதை? மாடு விடாத மேய்ச்சல் இது ஒண்ணுதான்னு நீதானே சொன்ன?

— இங்கதான்டா பாத்தேன். சர்ச்சுக்குப் போகாம, நீ இன்னிக்கு எதுக்கு வந்தியோ அதுக்குத்தான் நானும் வந்து இந்தக் கல்லுல உக்காந்திருந்தேன். இது என்ன பூன்னு போன் பண்ணிக் கேக்க எனக்கு யாரும் இல்ல, அதனாலதான் எழுந்து வீட்டுக்குப் போனேன்.